அரை ஓர்க்குக்கு எவ்வளவு அறிவு?

இந்தப் பதிவு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பத்தி. சுருக்கமா டி அண்ட் டி. விளையாடறவங்க நேரா ரெண்டாவது பத்திக்குப் போயிடலாம். மத்தவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் உக்காந்துக்கணும். ஒருத்தர் கதை சொல்லி, அவர்தான் டன்ஜன் மாஸ்டர், டிஎம். மத்தவங்க ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். "கோட்டைக் கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றே?"ன்னு டிஎம் கேப்பார். "எட்டி ஒதைக்கிறேன்"னு நாம சொல்லணும். கதவு உடையுமா உடையாதாங்கறதை 20 முகம் வெச்ச பகடை முடிவு பண்ணும். அவ்ளோதான். கூத்து, தாயம், கணக்குப் பாடம் மூணையும் கலந்து அடிச்சா வர்ற ஐட்டம்.

இந்த ஆட்டத்துக்கு அடிப்படை ரூல் புத்தகம் ஒண்ணு உண்டு. அது போதாதுன்னு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கூடுதல் ரூல்ஸ் புத்தகம் ஒண்ணு வரும். நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா பேட்ச் ரிலீஸ். பெரும்பாலும் புது மந்திரம், புது ஆயுதம், புது வித்தைன்னு ஜாலியான சமாச்சாரம்தான் இருக்கும். ஆனா அப்படி வந்த ஒரு புத்தகத்துல ஒண்ணரைப் பக்கத்து ரூல் ஒண்ணு எங்க குரூப்பையே ரெண்டா உடைக்கப் பாத்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல கணக்கு. பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான் :-)

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஆறு குணம். பலம், லாவகம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். தொடங்கும்போது 15, 14, 13, 12, 10, 8ன்னு ஆறு எண் குடுப்பாங்க. எதை எதுக்குப் போடறதுங்கறது நம்ம இஷ்டம். அதுக்கு மேல நீங்க எந்த இனத்துல பொறந்தீங்களோ அதை வெச்சு ஒரு போனஸ். குள்ளமான நோம் இனத்துல பொறந்தா அறிவுக்கு +2. அரை ஓர்க்கா பொறந்தா பலத்துக்கு +2, தாங்கும் சக்திக்கு +1.

இது 2014ல வந்த அஞ்சாம் பதிப்பு ரூல். இதாவது பரவாயில்ல. 2000ல வந்த மூணாம் பதிப்புல அரை ஓர்க்குன்னா பலம் +2, அறிவு −2, வசீகரம் −2. பொறந்த உடனேயே முட்டாள், முரடன்னு முத்திரை. 2016ல வந்த இன்னொரு கூடுதல் புத்தகம், 'வாலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்', அதுலயும் முழு ஓர்க்குக்கு அறிவு −2ன்னு போட்டிருந்தாங்க. 2020ல திருத்தம் வெளியிட்டு அந்த மைனஸைத் தூக்கினாங்க.

இப்ப எங்க குரூப். நாங்க அஞ்சு பேர். அஞ்சு பேருமே நீலகிரி மாவட்டம். ஒண்ணாச் சேந்தது மட்டும் கோயம்புத்தூர்ல, காலேஜ்ல. நான் குன்னூர். எங்க டிஎம் கோத்தகிரிக்காரன். அருவங்காடு ஒருத்தன், லவ்டேல் ஒருத்தன். அஞ்சாவது ஆளு சேரம்பாடிக்காரி. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேர் போடாம எழுதிக்கோ, ஆனா மொக்கையா எழுதாதே"ன்னு பர்மிஷன் குடுத்திருக்கா.)

சேரம்பாடி எங்க இருக்குன்னு ஊட்டிக்கு டூர் வர்ற பலபேருக்குத் தெரியாது. கூடலூர் தாண்டி, பந்தலூர் தாலுகா. அந்தப் பக்கம் இலங்கையில இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. 1964 அக்டோபர்ல சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க. மலையகத் தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் பாகம் பிரிச்சாங்க. அந்த மக்கள்கிட்ட யாரும் கருத்துக் கேக்கல. அப்படி வர்றவங்களுக்கு வேலை குடுக்கணும்னு 1968ல தமிழ்நாடு அரசு இங்க தேயிலை நட ஆரம்பிச்சது. அதுதான் பின்னாடி டான்டீ ஆச்சு. சேரம்பாடிக்காரியோட தாத்தா பாட்டி நுவரெலியாப் பக்கத்துல இருந்து வந்தவங்க. அம்மா கொழுந்து பறிச்சவங்க. லயன் வீட்டுல வளந்து, இன்ஜினியரிங் முடிச்சு, இப்ப எங்க அஞ்சு பேர்ல அதிகம் சம்பளம் வாங்கறது அவதான்.

2017ல ஹாஸ்டல் மெஸ்ல முதல் தடவை விளையாடினப்ப "நான் அரை ஓர்க், ஆனா மந்திரவாதி"ன்னா. கோத்தகிரிக்காரன் தலையில கை வெச்சுக்கிட்டான். ஏன்னா மந்திரவாதிக்கு அறிவுதான் எல்லாமே. அரை ஓர்க்கோட +2 போறதோ பலத்துக்கு. கட்டம் போட்ட சட்டை தைக்க வந்தவனுக்கு கோடாரி இலவசம்ங்கற கதை.

எவ்ளோ நஷ்டம்? நோம் மந்திரவாதிக்கு அறிவு 15 + 2 = 17. அரை ஓர்க்குக்கு வெறும் 15. அந்த எண்ணுல 10 கழிச்சு, ரெண்டால வகுத்து, மிச்சத்தை விட்டுட்டா வர்றதுதான் பகடையோட கூட்டற எண். 17க்கு +3, 15க்கு +2. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. 20 முகப் பகடையில ஒண்ணுன்னா 5 சதவீதம். "வெறும் 5%தானே, விடு"ன்னு லவ்டேல்காரன் அன்னிக்கே சொன்னான்.

ஆனா அது வெறும் 5% இல்ல. மந்திரவாதி ஒரு நாளைக்கு எத்தனை மந்திரம் தயார் பண்ணிக்கலாம்ங்கறதும் அந்த எண்ணை வெச்சுத்தான். முதல் லெவல்ல நோமுக்கு நாலு, அரை ஓர்க்குக்கு மூணு. அப்புறம் அறிவோட உச்சவரம்பு 20. 4, 8, 12ம் லெவல்ல ரெண்டு ரெண்டு புள்ளி ஏத்திக்கலாம். 17ல ஆரம்பிச்சவன் 4ல 19, 8ல 20, முடிஞ்சுது. 15ல ஆரம்பிச்சவ 4ல 17, 8ல 19, 12ம் லெவல்லதான் 20ஐத் தொடுவா. 8ம் லெவலுக்கு வேண்டிய அனுபவப் புள்ளி 34,000. 12ம் லெவலுக்கு 1,00,000. அதாவது ஒரே புத்திசாலித்தனம், ஒரே உழைப்பு, ஆனா அதே இடத்துக்கு வந்து சேர கிட்டத்தட்ட மூணு மடங்கு அனுபவம் வேணும். காரணம் என்னன்னா, பொறப்பு.

இதை அவ ஒரு பேப்பர்ல போட்டுக் காமிச்சப்ப மெஸ்ல யாரும் பேசல. அப்புறம் அவளே சொன்னா. ப்ளஸ் ஒன் சேரும்போது மேக்ஸ் குரூப் கேட்டிருக்கா. அங்க ஒரு டீச்சர், நல்லவங்கதானாம், தோள்ல தட்டி "எஸ்டேட் புள்ளைக்கு எதுக்கும்மா அவ்ளோ கஷ்டம், வேற குரூப் எடுத்துக்கோ"ன்னாங்களாம். திட்டலை, பாசமாத்தான் சொன்னாங்களாம்.

இருந்தும் அந்த அரை ஓர்க் மந்திரவாதியை 15 அறிவோடயே ஆடினா.

வருஷம் 2020. லாக்டவுன். எல்லாரும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மலை ஏறிட்டோம். பகல்ல ஆணி புடுங்கறது, சனிக்கிழமை ராத்திரி டிஸ்கார்ட்ல ஆட்டம். சேரம்பாடியில சிக்னல் கிடைக்கணும்னா லயனுக்கு மேல இருக்கற மேட்டுல ஏறணும். குடையும் டார்ச்சும் வெச்சுக்கிட்டு அங்க உக்காந்து ஆடுவா. நடுவுல திடீர்னு "ஒரு நிமிஷம், காட்டெருமை"ன்னு சொல்லிட்டு மியூட் ஆயிடுவா.

அந்த நவம்பர்ல வந்ததுதான் நான் சொன்ன புத்தகம். 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்'. டாஷாங்கற சூனியக்காரி ஓரத்துல குறிப்பு எழுதற மாதிரி புத்தகம் முழுக்க நக்கல். புது வித்தை, புது மந்திரம் எல்லாம் உண்டு. ஆனா ஆரம்பத்துலயே ஒரு விருப்ப ரூல். உங்க இனம் குடுக்கற +2, +1 ரெண்டையும் நீங்க எந்தக் குணத்துல வேணும்னாலும் போட்டுக்கலாம். அவ்ளோதான் ரூல்.

புதுக் கதை ஆரம்பிக்கற நேரம். சேரம்பாடிக்காரி அரை ஓர்க் மந்திரவாதியோட வந்தா. அறிவு 17.

கோத்தகிரிக்காரன் ஒத்துக்கல. அவன் சொன்னதை நியாயமா எழுதணும், ஏன்னா அவன் முட்டாள் இல்ல. "ஓர்க்குக்கும் நோமுக்கும் வித்தியாசமே இல்லன்னா எல்லாரும் மாஸ்க் போட்ட மனுஷங்கதான். உலகம்னா அதுல ரகம் வேணும். அது மட்டுமில்ல, எல்லாரும் முரடன்னு நெனைக்கற ஒரு ஓர்க் கஷ்டப்பட்டுப் படிச்சு மந்திரவாதி ஆகறதுதானே கதை? கஷ்டத்தை எடுத்துட்டா கதை எங்க?"

இதுக்கு அவ சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "கஷ்டப்பட்டு மேல வர்றதை நான் வாரத்துல ஆறு நாள் பண்ணிட்டிருக்கேன்டா. சனிக்கிழமை எனக்கு லீவு குடு."

டிஸ்கார்ட்ல ரெண்டு நிமிஷம் மழைச் சத்தம் மட்டும்தான். அப்புறம் அருவங்காட்டுக்காரன் வேற பக்கத்துல இருந்து ஆரம்பிச்சான். "ரூல்ங்கறது ரூல். இவனுங்க காசுக்காக புத்தகத்துக்கு மேல புத்தகம் போட்டு மாத்திக்கிட்டே இருப்பானுங்க. நாம ஏன் மாத்தணும்?"

இதுக்கு நான் பதில் சொன்னேன். நம்ம ஊர்க் கதைதான். ஊட்டி கிளப் தெரியும்ல? 1830கள்ல கட்டின வெள்ளைக் கட்டடம், பெரிய தூண், மெம்பர் இல்லாதவங்க வெளியில நின்னு போட்டோ எடுத்துக்கலாம். ஸ்னூக்கருக்கு முதல் முதலா ரூல்ஸ் எழுதி ஒட்டினது அங்கதான்.

ஆட்டம் பொறந்தது ஜபல்பூர்ல, 1875ல. மழைக்காலம், ஆபீசர்ஸ் மெஸ், வேலை வெட்டி இல்ல. பிளாக் பூல்னு ஒரு ஆட்டம் ஆடிட்டிருந்தாங்க. 15 சிவப்புப் பந்து, ஒரு கறுப்பு. போர் அடிச்சுது. நெவில் சேம்பர்லைன்னு ஒரு இளவயசு ஆபீசர் (ஹிட்லரோட ஒப்பந்தம் போட்டாரே அந்தப் பிரதமர் இல்ல, இவர் வேற ஆளு) இன்னும் சில கலர் பந்தைச் சேத்துப் பாக்கலாம்னார். ஆட்டமே மாறிப்போச்சு. வூல்விச் ராணுவ அகாடமியில முதல் வருஷப் பசங்களுக்கு 'ஸ்னூக்கர்'னு ஒரு கிண்டல் பேரு, கத்துக்குட்டின்னு வெச்சுக்கோங்க. லட்டு மாதிரி பந்தை ஒருத்தன் கோட்டை விட்டப்ப சேம்பர்லைன் அவனை அப்படிக் கூப்பிட, ஆட்டத்துக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. அப்புறம் மெட்ராஸ் படைத் தளபதி ராபர்ட்ஸோட சேந்து அவர் கோடைக்கு ஊட்டி வர ஆரம்பிச்சார். 1882ல ரூல்ஸை ஒழுங்கா எழுதி கிளப்போட பில்லியர்ட்ஸ் ரூம்ல மாட்டினாங்க. 1885ல இங்கிலாந்து சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தப்ப சேம்பர்லைன்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஊருக்குக் கொண்டு போனார்.

இன்னிக்கு டிவியில பாக்கற ஸ்னூக்கர் மொத்தமும் போர் அடிச்ச நாலு பேர் சேத்துக்கிட்ட கூடுதல் ரூல்தான். கம்பெனி போட்ட புத்தகம் இல்ல. மேசையில நிக்கறவன் இது சரியா வரலன்னு பந்தைச் சேத்தான், நல்லா இருந்துச்சு, எழுதி மாட்டினான்.

டி அண்ட் டியும் அப்படித்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974ல போட்ட முதல் பெட்டியில மூணே மூணு சின்னப் புத்தகம். அதுல குத்துவாளால குத்தினாலும் சரி, ரெண்டு கையால வீசற பெரிய வாளால வெட்டினாலும் சரி, ஒரே ஆறு முகப் பகடைதான் டேமேஜ். 1975ல 'கிரேஹாக்'னு முதல் கூடுதல் புத்தகம் வந்துதான் ஆயுதத்துக்கு ஆயுதம் வேற பகடைன்னு ஆச்சு. திருடன்ங்கற கதாபாத்திரமே அதுலதான் வந்துச்சு. அருவங்காட்டுக்காரன் ஆடறது திருடன் :-) "பழைய ரூல்தான் வேணும்னா முதல்ல உன் ஆளை அழிச்சுட்டு வா"ன்னேன்.

சேரம்பாடிக்காரி அந்த நேரத்துல கேட்டா, "ஸ்னூக்கர்ல எந்தப் பந்துக்கு எவ்ளோ?" சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7னு சொன்னேன். "வெள்ளைக்காரன் கிளப்புல கறுப்புக்குத்தான் ஒசந்த பாயிண்டா? பரவால்லயே"ன்னு சிரிச்சா. கோத்தகிரிக்காரனும் சிரிச்சுட்டான். "சரி, ஆடிப் பாப்போம். நாலு மாசம். சரிப்படலன்னா பழசு."

அவன் கதையை எங்க ஊர்லயே வெச்சான். குன்னூர்ப் பக்கம் பக்காசூரன் மலை, அங்க திப்பு காலத்துக் கோட்டைச் சுவர் இடிஞ்சு கெடக்கு. அதுக்குள்ள பக்காசூரனே உக்காந்திருக்கான்னு கதை. நாங்க அஞ்சாவது லெவல்ல உள்ள போனோம். ரெண்டு பேர் விழுந்தாச்சு. பக்காசூரன் அடிச்ச அடியில மந்திரவாதியும் பூஜ்யத்துக்கு வந்தா. ஆனா அரை ஓர்க்குக்குன்னு ஒரு குணம் உண்டு. விழ வேண்டிய நேரத்துல ஒரே ஒரு தடவை, ஒரு உயிர்ப்புள்ளியோட நின்னுடலாம். டாஷா புத்தகம் அதுல கையே வைக்கல. அந்த ஒத்தைப் புள்ளியோட நின்னு நெருப்பு உருண்டையை விட்டா.

பக்காசூரன் தப்பிக்கறானான்னு பாக்க டிஎம் பகடை உருட்டினான். எல்லாம் கூட்டினா 14. பழைய கணக்குல அவ அறிவு 17 ஆகியிருக்கும், அவன் எடுக்க வேண்டிய எண் 14. சரியா 14 வந்தாலே போதும், பாதி அடியோட தப்பிச்சிருப்பான். புதுக் கணக்குல அவ அறிவு 19, எண் 15. ஒண்ணு கம்மி.

அந்த 5%.

கோத்தகிரிக்காரனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "செத்தான்"னான். அந்த நாலு மாசக் கெடுவைப் பத்தி அப்புறம் யாரும் பேசவே இல்ல. ஒண்ணு மட்டும் ஒத்துக்கிட்டான். ஓர்க் ஓர்க்காத்தான் இருந்தா. அடி வாங்கியும் விழாம நின்னாளே, அது நோமால முடியாது. ரகம் எங்கயும் போயிடல, நம்பர்தான் போச்சு.

இதோட முடிச்சிருந்தா சுபம் போட்டிருக்கலாம். ஆனா 2024 செப்டம்பர்ல அடிப்படைப் புத்தகமே புதுசா வந்துச்சு. இனத்துக்கும் குணத்துக்கும் இருந்த தொடர்பை மொத்தமா அறுத்துட்டாங்க. அரை ஓர்க் போய் நேரா ஓர்க்கே வந்தாச்சு. நாங்க கைதட்டினோம். போனஸ் இப்ப எங்க இருந்து வருதுன்னா, பின்னணியில இருந்து. அதாவது சாகசத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என்னவா இருந்தே? மொத்தம் 16 பின்னணி. ஒவ்வொண்ணுக்கும் மூணு குணம், அதுலதான் போனஸ் போடலாம்.

சேரம்பாடிக்காரி விவசாயிங்கற பக்கத்தைத் திறந்தா. கொழுந்து பறிக்கறதுக்கு அதுதான் கிட்டத்துல இருந்துச்சு. பலம், தாங்கும் சக்தி, விவேகம். அறிவு இல்ல. பக்கத்தைப் புரட்டினா. பிரபுவுக்கு அறிவு உண்டு. வியாபாரிக்கு உண்டு. கிரிமினலுக்குக் கூட உண்டு.

"பொறப்பை எடுத்துட்டு தொழிலைக் கொண்டாந்துட்டானுங்க"ன்னா. கோவமா சொல்லல. கொஞ்சம் அலுப்பா.

இந்தத் தடவை முதல்ல வாயைத் திறந்தது கோத்தகிரிக்காரன். "உங்கம்மா என்னென்ன பண்ணுவாங்க, சொல்லு"ன்னான். அவ சொல்லச் சொல்ல எழுதினான். மூணு வேளை எடை போட்ட கிலோவையும் மனசுலயே கூட்டி வெச்சு, மாசக் கடைசியில சம்பளச் சீட்டோட சரி பாப்பாங்க. எந்தச் செடி எப்ப கவாத்து ஆச்சு, திரும்ப எப்ப துளிர்க்கும்னு தெரியும். புதருக்குள்ள அசையறது காத்தா, காட்டுப்பன்னியா, சிறுத்தையான்னு சத்தத்துலயே தெரியும். நவம்பர் 2024ல வந்த டிஎம் புத்தகத்துல சொந்தமா பின்னணி எழுதிக்க வழி குடுத்திருக்காங்க. மூணு குணம், ஒரு தனித்திறமை, ரெண்டு தேர்ச்சி, ஒரு கருவி. போன தடவை எல்லாரும் குன்னூர்ல எங்க வீட்டுல கூடினப்ப அதை ஒரு ஏ4 தாள்ல எழுதி, அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டு, மேசைக்கு மேல காலண்டர் பக்கத்துல ஒட்டியிருக்கோம்:

தோட்டத்துக்காரி / தோட்டத்துக்காரன்
குணம்: லாவகம், தாங்கும் சக்தி, அறிவு
தனித்திறமை: அலர்ட்
தேர்ச்சி: இயற்கை, கூர்ந்து கவனித்தல்
கருவி: மூலிகைப் பெட்டி
உடைமை: கூடை, கவாத்துக் கத்தி, மழைக்குப் படங்கு, மனக்கணக்கு

கடைசி ஐட்டம் ரூல்படி செல்லாதுன்னு அருவங்காட்டுக்காரன் இன்னும் சொல்லிட்டிருக்கான்.

பி.கு: புத்தகம் வாங்கக் காசு இல்லன்னு கவலைப்பட வேணாம். அடிப்படை ரூல்ஸை எஸ்ஆர்டிங்கற பேர்ல இலவசமா இறக்கிக்கலாம். 2023 ஜனவரியில இருந்து 5.1ம், 2025 ஏப்ரல்ல இருந்து 5.2ம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கு. எங்க இருந்து எடுத்தோம்னு குறிப்பிட்டுட்டா போதும், அதை வெச்சு நீங்களும் உங்க ஊர் ரூலை எழுதி வெளியிடலாம். எழுதினா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க மக்களே.